கன்னத்தில் ஒட்டிய நெல்

திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் நெல் உலர்த்தும் மிஷினைப் பார்த்துக்கொண்டவர் அவர். புருவமெல்லாம் உமித்தூசி. அடிக்கடி ஒரு கை நெல்லை அள்ளிக் கன்னத்தில் வைத்து ஈரம் பார்ப்பார்.

நான் கொண்டுபோன நெல் பாதி காய்ந்ததும் சூட்டை நிறுத்திவிட்டார். "ஊட்டுக்குப் போயி சாப்டுக்கினு வா நைனா. நாலு மணி நேரம் ஆவும்."

ஒரு மூட்டையைத் திருடத்தான் என்னைக் கிளப்புகிறார் என்று பட்டது. "காஞ்சிட்டாப்பலதானே இருக்கு? ஏன் நிறுத்துனீங்க?"

"மேலதான் காஞ்சிகீது. உள்ள கீற ஈரம் மெதுவாத்தான் மேல வரும். இப்பவே சூடு ஏத்துனா அரிசி நொறுங்கிப்பூடும்."

நம்பாமல் அங்கேயே காவலிருந்தேன். நாலு மணி நேரம் கழித்துத் தொட்டால், காய்ந்திருந்த நெல்லில் மறுபடி ஈரம். அதன்பிறகே சூடு ஏற்றினார்.

அரைத்தபோது அரிசி முழுசாக வந்தது. அவர் வீட்டுக்குக் கிளம்பினார். கன்னத்தில் ஒரு நெல் ஒட்டியிருந்தது.

அந்த ஒரு நெல்லும் என்னுடையதாயிற்றே என்றுதான் அப்போதும் தோன்றியது எனக்கு.