கண்ணாடிக்குக் கீழே வைத்த பூ

என் காரின் முன் கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டின் மேல் ஓரத்தில், சீப்புப் பற்களைப் போல ஒரு துளை வரிசை இருக்கிறது. எல்லாக் கார்களிலும் இருப்பதுதான். மழைக்காலத்தில் கண்ணாடி மங்கினால் காற்று அந்த வழியாகத்தான் வரும். அந்த இடத்தில் நான் எதையும் வைப்பதில்லை. பேனா, பார்க்கிங் சீட்டு, சாமி படம், ஒன்றுமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை செய்தவர்கள் என் காரில் ஏறினால், "டீச்சர் காரு இப்பத்தான் கடையில எடுத்த மாதிரி இருக்கு லா" என்பார்கள். சுத்தக்காரி என்று எனக்கு ஒரு பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். அந்தத் துளைகளைப் பார்த்தால் எனக்கு அம்மாவின் தலைமுடி ஞாபகம் வரும் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

எண்பதுகளின் நடுவில், நாங்கள் கிள்ளானில் இருந்தபோது நடந்தது இது. அப்பா அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்று, ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கியிருந்தார். வெள்ளை நிறம். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஏசி அந்தக் காருக்குள்தான் வந்தது. அப்பாவுக்கு அதில் பெருமை தாங்காது. விருந்தாளிகளைக் கூப்பிட்டுக் காருக்குள் உட்காரவைத்து, "எப்பிடிக் குளிருது பாருங்கோ" என்பார். காரோ வாசலில்தான் நிற்கும். அவர்களும் பாவம், மரியாதைக்கு நடுங்கிக் காட்டுவார்கள். எங்களுடையது யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பாவின் அப்பா காலத்திலேயே மலாயாவுக்கு வந்தாயிற்று என்றாலும், வீட்டுப் பேச்சும் வெள்ளிக்கிழமைக் கோவிலும் மாறவே இல்லை. கிள்ளானில் கோவில் இல்லாமலா? ஆனால் அப்பாவுக்குக் கோலாலம்பூரில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் கோவிலுக்குப் போனால்தான் மனம் ஆறும். வெள்ளிக்கிழமை அர்ச்சனை முடித்து, வாழை இலைத் துண்டில் பூ, விபூதி, சந்தனம், வில்வம் எல்லாம் கொண்டுவருவார். அம்மா கையை நீட்டுவாள். அப்பா பூவை உள்ளங்கையில் வைத்துவிட்டு உடனே வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அம்மா அதைக் கொண்டையில் செருகிக்கொள்வாள். என் அப்பாவும் அம்மாவும் கொஞ்சிக்கொண்டதாக நான் பார்த்தது அவ்வளவுதான். அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியாது.

பிறகு அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. அறுவை முடிந்து, கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். கிள்ளானில் இருந்து காரில் போய்வர வேண்டும். நான் விடுப்புப் போட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கும். அப்பாவுக்கு அந்த அறையில் இருக்கவே முடியாது. "நான் கோயிலுக்குப் போட்டு வாறன்" என்று காரையும் சாவியையும் என்னிடம் விட்டுவிட்டுப் பஸ்ஸில் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது கையில் வாழை இலை இருக்கும். முன்பு வெள்ளிக்கிழமை மட்டும் வந்த பூ இப்போது மருந்து நாள்களிலும் வந்தது.

முடி முழுவதும் கொட்டிப்போன பிறகு ஒரு நாள். அம்மா தலையில் துணி கட்டிப் பின் சீட்டில் சாய்ந்திருந்தாள். அப்பா இலையோடு வந்து கதவைத் திறந்தார். பழக்கத்தில் பூவை எடுத்துவிட்டார், கையும் பாதி தூரம் நீண்டுவிட்டது. அப்புறம்தான் அந்தத் தலையைப் பார்த்தார். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெளியே ஒன்றும் இல்லை, ஒரு மதில்தான். அப்பா பூவைத் திரும்ப இலையில் வைத்து, இலையைக் கண்ணாடிக்குக் கீழே அந்தத் துளைகளின் மேல் வைத்துவிட்டுக் காரை எடுத்தார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை, உண்மையைச் சொன்னால். மரத்துப்போன காலில் யாரோ மிதிப்பது போலத்தான் இருந்தது. அன்றிலிருந்து பூவுக்கு அதுவே இடம் என்று ஆகிவிட்டது. புது இலை வரும்போது பழைய இலையை எடுத்து எறிவார். காய்ந்த இலையில் பூ மிச்சம் இருந்ததா இல்லையா என்று யார் பார்த்தார்கள்?

அப்புறம்தான் காருக்குள் நாற்றம் தொடங்கியது. ஏசியைப் போட்டதும் ஈரச் சாக்கு போல ஒரு புளித்த வாடை முகத்தில் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பழகிவிடும். அப்பாவுக்கு அதுவும் தெரியாது, வாலிபத்தில் பிடித்த சுருட்டு அவருடைய மூக்கை எப்போதோ தின்றுவிட்டது. ஆனால் அந்த மருந்து ஏறிய உடம்புக்கு எல்லா வாசமும் பத்து மடங்கு. வெங்காயம் வதக்கினால் அம்மாவுக்குக் குமட்டும். சோறு வடித்தால் குமட்டும். காருக்குள் ஏறினால் கேட்கவே வேண்டாம்.

"இஞ்சேருங்கோ, ஏசியைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ" என்பாள்.

"எனக்கொண்டும் மணக்கேல்லையே" என்பார் அப்பா. உடனே நிறுத்தியும் விடுவார்.

ஏசி இல்லாமல் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனால், வழியில் இருக்கும் சுங்கை வே தொழிற்சாலைப் புகையும் லோரிப் புகையும் உள்ளே வரும். அதற்கும் அம்மா வாந்தி எடுப்பாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி, நான் பக்கத்தில் பிடித்துக்கொண்டு. பஸ்ஸில் போகிற உடம்பா அது? டாக்சியில் ஒரு முறை போனோம், அந்த மனுஷர் பூசியிருந்த வாசனைத் தைலத்தில் பாதி வழியிலேயே இறங்க வேண்டியதாகிவிட்டது.

அப்பா அந்த நாற்றத்தோடு சண்டைக்கு இறங்கினார். பக்கத்து வீட்டு மலாய் ஆன்ட்டி, வாசத்துக்காகச் சோற்றில் போடுகிற பண்டான் இலையைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து தந்தார். டாக்சிக்காரர்கள் அதைத்தான் பின்பக்கம் போட்டுவைப்பார்கள். அதைப் போட்டார். எலுமிச்சம்பழத்தை வெட்டிச் சீட்டுக்கு அடியில் வைத்தார். காப்பித்தூள் வைத்தார், அடுப்புக் கரி வைத்தார். கடையில் விற்கிற வாசனை மருந்தை வாங்கி அடித்தார், அன்றைக்குக் காருக்குள் செத்த மீனுக்கு ரோஜாத் தண்ணீர் தெளித்த மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூபக்காலில் சாம்பிராணி போட்டுக் காருக்குள் வைத்து, கதவுகளைச் சாத்தி, ஏசியையும் போட்டுவிட்டார். கண்ணாடி முழுக்கப் புகை. மலாய் ஆன்ட்டி, கார்தான் தீப்பிடித்துவிட்டது என்று ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, அப்பாவின் மேலேயே கொட்டிவிட்டார். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் இருக்கிறது. நான் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை.

சுங்கை வேயில் ஏசிக் கடை வைத்திருந்த ஒரு தம்பியிடம் கொண்டுபோனோம். அவன் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு மோந்து பார்த்துவிட்டு, "ஏசி கேஸ் எல்லாம் ஓகே லா அங்கிள். உள்ள கூலிங் காயிலு எப்பவும் ஈரமா இருக்கும், அதுல என்னமோ விழுந்து அழுகிப்போச்சு. டேஷ்போர்டையே கழட்டணும். காரு நாலஞ்சு நாளு இங்கதான் கெடக்கும்" என்றான். அடுத்த மருந்து நாள் அதற்குள் வந்துவிடும். கார் இல்லாமல் எப்படி? மருந்தெல்லாம் முடியட்டும், பிறகு கழற்றலாம் என்றார் அப்பா. கார் வீட்டுக்கு வந்தது. கண்ணாடிக்குக் கீழே புது இலையும் வந்தது.

அடுத்த முறை போய்த் திரும்பிய மறுநாள் காலையில், தேநீர் கொடுத்தபோது அம்மா சொன்னாள், "நான் இனி வரேல்லை."

அப்பாவுக்குப் புரியவில்லை. "எங்கை?"

"ஆஸ்பத்திரிக்கு. போதும். என்னாலை அந்தக் காருக்குள்ளை ஏலாது."

டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், பாதியில் விட்டால் ஏற்றிய மருந்துக்கும் பலன் இல்லை, நோய் திரும்ப வந்துவிடும் என்று. அதை நான் சொன்னேன். கெஞ்சினேன், பிறகு கத்தினேன். "சாகப் போறியளோ?" என்று கேட்டேன், பெற்ற தாயிடம். அம்மா தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். அப்பா எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, "பிள்ளை, வா" என்று என்னைக் கூப்பிட்டு, காரை நேரே சுங்கை வேக்கு விட்டார். "கழட்டும் தம்பி" என்றார். மருந்து நாளைத் தள்ளிவைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளலாம். ஆள் வராமல் போனால்தான் கேட்க ஒன்றுமில்லை.

கழற்றிக் கழுவி மாட்டியாயிற்று என்று அந்தத் தம்பி ஆள் அனுப்பிச் சொன்னபோது இரண்டு பேரும் போனோம். தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, உள்ளே இருந்து எடுத்ததை அதன்மேல் வைத்திருந்தான். கறுப்பாக ஒரு கட்டி. விபூதி களிமண் போல இறுகி, அதற்குள் வில்வ இலை, ரோஜா இதழ், மல்லிகை. மல்லிகைக் காம்புகள் மட்டும் அழுகாமல் கம்பி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

"அடக் கடவுளே! என்ன அங்கிள், ஒரு பூக்கடையே உள்ள இருக்கு!" என்று அவன் சிரித்தான். "மேல அந்த ஓட்டை வழியா வுழுந்திருக்கு. கூலிங் காயிலுல ஒட்டிக்கிட்டா வேற எப்டி நாறும்?"

அப்பா குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்தார். தொடவில்லை. ஒவ்வொரு முறையும் அம்மாவின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்து வாங்கிவந்த பூ. பிறகு செய்தித்தாளை நாலு பக்கமும் மடித்து, பொட்டலமாகக் கையில் எடுத்துக்கொண்டார். குப்பைத்தொட்டி பக்கத்திலேயே இருந்தது, அவர் போடவில்லை. வழியில் கிள்ளான் ஆற்றுப் பாலத்தின் அருகே காரை நிறுத்தி, இறங்கிப்போய் ஆற்றில் விட்டுவிட்டு வந்தார். காரில் ஏறி உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "எலி எண்டு சொல்லுவம். பூ எண்டு கொம்மாட்டைச் சொல்லிப்போடாதை."

வீட்டுக்குப் போனதும் அம்மாவின் அறை வாசலில் நின்றுகொண்டு அறிவித்தார். "இஞ்சேரும், செத்த எலியொண்டு உள்ளுக்கை கிடந்திருக்கு. எடுத்துக் கழுவியாச்சு. இப்ப ஒரு மணமும் இல்லை." எலியின் வால் நீளத்தைக் கையால் வேறு அளந்து காட்டினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் பொய் சொன்னால் வால் இப்படித்தான் நீளும்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப சரி, வாறன்" என்றாள்.

போனோம். கார் உண்மையாகவே சுத்தமாக இருந்தது. அம்மா வாளியைக் கேட்கவே இல்லை. மருந்து முடிந்ததும் அப்பா கோவிலில் இருந்து வந்தார், கையில் இலை இல்லை. காரை எடுக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் இருந்து அம்மா கேட்டாள், "பூ எங்கை?" அப்பா சட்டைப் பைக்குள் இருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா கையை நீட்டினாள். அந்த மல்லிகையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பி, கிள்ளான் வரும்வரை குமட்டலை அடக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

அன்று சாயந்திரம் அவளுக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"செத்த எலி மல்லிகைப்பூ மணக்குமோ பிள்ளை?"

என் கை நின்றுவிட்டது.

"முதலே தெரியும் எனக்கு. அந்த மணத்துக்குள்ளை பூவும் விபூதியும் இருந்தது. இந்த மூக்குக்குத் தெரியாதோ?"

"பிறகேன் சொல்லேல்லை? வரமாட்டன் எண்டு படுத்துக் கிடந்தியளே அம்மா!"

"எனக்காண்டி அந்த மனுசனுக்கு வேறை என்ன செய்யத் தெரியும்? அதையும் வையாதேங்கோ எண்டு நான் என்னெண்டு சொல்லுறது?" பிறகு, "அப்பாட்டைச் சொல்லிப்போடாதை" என்றாள்.

நான் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அழ வேண்டிய இடம் அது, எனக்கே தெரிந்தது. அழுகை வரவில்லை. அந்த வீட்டில் ஒருவர் மற்றவருக்காகச் சாகவும் துணிந்திருந்தார், மற்றவருக்கு அது தெரியக்கூடாது, நடுவில் நான் ஒரு அலமாரி மாதிரி நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பேரும் தங்கள் சாமானை என்னிடம் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

அம்மா மருந்தை முழுதாக ஏற்றிக்கொண்டாள். முடிகூடத் திரும்ப வளர்ந்தது, குழந்தை முடி போலச் சுருட்டையாக. கொண்டை போடும் அளவுக்கு வளரவில்லை. அதற்குள் நோய் திரும்பிவிட்டது. இடைப்பட்ட நாள்களில், வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா எலிக் கதையைச் சொல்லிச் சொல்லியே ஓய்ந்தார். "ஒரு எலியாலை என்ன பாடு பட்டம்!" என்பார். அம்மா பக்கத்தில் இருந்து, "ஓம், பெரிய எலி" என்பாள். இரண்டு பேருமே என் பக்கம் திரும்ப மாட்டார்கள். அம்மா போய், பல வருஷம் கழித்து அப்பாவும் போய்ச் சேர்ந்தார். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

போன வாரம் கோவிலில் இருந்து திரும்பும்போது, பழைய தோழி ஒருத்தி என் காரில் வந்தாள். இறங்கும்போது நான் கவனிக்கவில்லை. வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான் பார்த்தேன், துளை வரிசையின் மேல் ஒரு முழம் மல்லிகை. வெடுக்கென்று எடுத்துவிட்டேன். கீழே ஒன்றும் உதிர்ந்திருக்கிறதா என்று மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். பிறகு ஏசியைக் கூட்டி வைத்து, குனிந்து, மூக்கை அந்தத் துளைகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஒரு வாசமும் இல்லை. வெறும் குளிர்காற்று. பூ கையிலேயே இருந்தது. அதை வாங்கிக்கொள்ள யாரும் கையை நீட்டவில்லை.