கோமதியின் நோட்டில் பதினொரு கிராஷ்

பத்து நாள் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் வீட்டு லேப்டாப் நான்கு முறை செத்துப் பிழைத்தது. திடீரென்று நீலத் திரை... புரியாத இங்கிலீஷில் ஒரு வருத்தச் செய்தி... பிறகு தானாகவே அணைந்து, தானாகவே எழுந்து நிற்கும். ஒன்றுமே நடக்காத மாதிரி.

வழக்கமாக இதற்கெல்லாம் நான் கவலைப்படுவதில்லை. பத்திரிகைக்குப் பத்தி எழுதுவதைத் தள்ளிப்போட ஒரு சாக்கு கிடைத்ததென்று டீ குடிக்கக் கிளம்பிவிடுவேன். இந்த முறை முடியவில்லை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அதே லேப்டாப்பில் என் மனைவி கோமதிக்கு இன்டர்வியூ.

கோமதி கல்யாணத்துக்கு முன்னால் இங்கே மரக்காணத்தில் ஓர் உப்புக் கம்பெனியின் லேபில் இருந்தவள். பாக்கெட்டில் போகிற உப்பில் அயோடின் சரியாக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் வேலை. மகள் பிறந்ததும் விட்டாள். பதினான்கு வருஷம் கழித்து இப்போது, வீட்டிலிருந்தே லேப் ரிப்போர்ட்களைச் சரிபார்க்கும் வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட பிறகுதான் சொன்னாள்.

"இத நம்பி உக்கார முடியுமாங்க?" என்றாள், லேப்டாப்பைக் காட்டி.

"நான் பாத்துக்கறேன்," என்றேன்.

ஒரு கணவன் சொல்லக்கூடிய ஆபத்தான வாக்கியங்களில் இதற்கு முதலிடம் தரலாம்.

எனக்குச் சும்மா உட்கார வராது. மூன்று வீடியோ பார்த்தேன் — மூன்றையும் பாதியில் நிறுத்தினேன். மதியத்துக்குள் ஆன்டிவைரஸை மாற்றினேன். அப்டேட் போட்டேன். எதற்கென்றே தெரியாத இரண்டு சாப்ட்வேரைத் தூக்கினேன். பக்கத்து வீட்டிலிருந்து வேறு சார்ஜர் வாங்கிவந்து செருகினேன். நடுநடுவே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கும் வாசலுக்கும் சமையலறைக்கும் அலைந்தேன். ஓரிடத்தில் வைஃபை வராது, ஓரிடத்தில் காற்று வராது, எனக்கு எந்த இடத்திலும் நிம்மதி வராது.

சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் நிற்காமல் ஓடியது.

"பாத்தியா?" என்று அவளிடம் காட்டுவதற்காகத் தூக்கிக்கொண்டு போனேன். நீலம்.

கோமதி ஒரு பழைய நோட்டில் எதையோ எழுதினாள்.

"என்ன எழுதற?"

"எப்ப நின்னுச்சு, அப்ப என்ன நடந்துக்கிட்டு இருந்துச்சுன்னு. நீங்க ஒரே நாள்ல இத்தனையும் மாத்திட்டீங்க. நாளைக்கே சரியாயிட்டாலும் எதனால சரியாச்சுன்னு சொல்ல முடியுமா? ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க."

"இது சாப்ட்வேர் பிரச்சினை கோமதி. நோட்டுல எழுதி ஒண்ணும் ஆகாது."

மறுநாள் புதன்கிழமை அவள் மகளின் ஸ்கூலுக்குப் போயிருந்தாள். வீட்டில் நான், லேப்டாப், என் பதற்றம். பென் டிரைவில் என் கட்டுரைகளைக் காப்பாற்றிக்கொண்டேன். மொத்தமாக ஃபார்மட் செய்துவிட்டேன்.

வந்தவள் திரையைப் பார்த்தாள். புத்தம் புதிதாக, காலியாக இருந்தது.

"என் பேர்ல ஒரு ஃபோல்டர் இருந்துச்சே..."

இன்டர்வியூவுக்காக இரண்டு வாரமாகத் தயாரித்த குறிப்புகள். மகள் தூங்கிய பிறகும், நான் வெளியே போன நேரத்திலும் உட்கார்ந்து எழுதியவை. அப்படி ஒரு ஃபோல்டர் இருந்ததே எனக்குத் தெரியாது.

திட்டியிருந்தால் தேவலை. வெள்ளைத் தாள்களை எடுத்து வந்து மேஜையில் உட்கார்ந்தாள். இடம் பற்றாமல் லேப்டாப்பை லேசாக ஓரத்துக்குத் தள்ளினாள்.

நீலம்.

அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு நோட்டைத் திறந்து எழுதினாள். பதினொன்றாவது முறை.

"இப்ப இதுல ஒண்ணுமே இல்ல. அப்பவும் நிக்குது," என்றாள். குரலில் கோபம் இல்லை; லேபில் பேசுகிற குரல். "பதினொண்ணுல எட்டு தடவ, யாராவது தூக்கியிருக்கோம், இல்ல நகத்தியிருக்கோம். உள்ள ஏதோ ஒண்ணு சரியா ஒட்டாம இருக்குது."

எட்டு தடவையில் ஏழு தடவை தூக்கியது யார் என்று நோட்டில் இல்லை. அந்தப் பெருந்தன்மையை நான் கவனித்தேன்.

வியாழக்கிழமை காலை கோட்டக்குப்பத்துக்கு பஸ் ஏறினோம். லேப்டாப் பை கோமதியின் மடியில். என்னிடம் தரவில்லை. ஜன்னலுக்கு வெளியே உப்பளம் முடிந்து சவுக்குத் தோப்பு வருகிற வரைக்கும் அவள் தாள்களிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

ஷமீமா என்ற பெண் அங்கே தன் வீட்டு முன்னறையில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறார். கணவர் துபாயில். நான் வைரஸில் ஆரம்பித்து விளக்கம் சொல்லப் போனேன். அவர் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம்ண்ணா. அக்கா கையில என்னா நோட்டு அது?"

இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். பிறகு ஸ்க்ரூவைக் கழற்றி, விரல் நீளத்துக்கு ஒரு பட்டையை உருவி வெளிச்சத்தில் காட்டினார். மெமரி என்கிற ராம். அதன் தங்கநிறக் கால்களில் பச்சையும் வெள்ளையுமாக ஏதோ பூத்திருந்தது.

"உப்புக் காத்துங்க. உங்க ஊர்லேந்து வர்ற மெஷின்ல பாதி இப்படித்தான் இருக்கும். கொஞ்சம் அசைஞ்சா தொடர்பு விட்டுப்போவுது."

சாதாரண ரப்பரால் தேய்த்தார். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். திரும்பச் செருகி, ஒரு மணி நேரம் டெஸ்ட் ஓடவிட்டார். தூக்கினார், சாய்த்தார், தட்டினார். நிற்கவில்லை.

"ஆமா, ஃபார்மட் எதுக்குண்ணா பண்ணீங்க? தேவையே இல்லியே."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தேன்.

"அழிஞ்ச ஃபைல வேணா தேடிப் பாக்கலாம்க்கா. ரெண்டு நாள் ஆவும்."

"வேணாம் ஷமீமா. திரும்ப எழுதிட்டேன்," என்றாள் கோமதி.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் எனக்கு வாய் வந்தது. "என் கட்டுரைய மட்டும் எடுத்து வெச்சேன். உன்னோடது உள்ள இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. தப்புதான்."

அவள் மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டாள்.

"தோணலன்னு எனக்குத் தெரியுங்க. அதுதான் கஷ்டமா இருந்துச்சு."



நமக்கு ஏன் சும்மா இருக்க முடிவதில்லை? ஒன்று பழுதானால் உடனே எதையாவது செய்தாக வேண்டும். பொருளா குடும்பமா என்றில்லை — கைக்குக் கிடைத்ததையெல்லாம் திருகுகிறோம். பிரச்சினை தீர்கிறதோ இல்லையோ, நம் பதற்றம் கொஞ்சம் தீர்கிறது. அந்தத் திருகலில் அடுத்தவருடையது எது அழிந்தது என்று பார்ப்பதே இல்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அறைக் கதவு சாத்தப்பட்டது. நான் கொல்லைப்புறத்தில் காய்ந்த துணிகளை எடுத்தேன், மடித்தேன், மடித்ததையே மறுபடி மடித்தேன். நாற்பது நிமிஷம். உள்ளே அவள் குரல் ஒரு தடவைகூட அறுபடவில்லை. நடுவில் ஒருமுறை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது... எத்தனை நாள் என்று யோசித்தால் எனக்குச் சங்கடமாக இருந்தது.

திங்கட்கிழமை மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை லேப்டாப் இனி அவளுடையது.

எனவே இந்தப் பத்தியை போனில், ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். வேண்டாத வார்த்தைகளைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை!