தண்ணீரை எதிர்த்து நின்ற கெண்டை

இன்று ராஜபாளையம் பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மா என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"மீன் தொட்டி கொண்டாந்து காட்டுனீகளே, அந்த சார்தானே?"

தொண்ணூறுகளில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் மீன்கள் எப்படி நீந்துகின்றன என்று ஆராய்ந்தோம். அதை ஊர் ஊராகப் போய்க் காட்டவும் செய்தோம். கண்ணாடித் தொட்டியில் மோட்டார் வைத்துத் தண்ணீரை வேகமாக ஓடவிடுவோம். கெண்டை வாலை வீசி எதிர்த்து நிற்கும்.

சுந்தரபாண்டியத்தில் காட்டியபோது இந்த அம்மா கேட்டிருக்கிறார்: "இந்த வேகத்துல மனுசன் நிக்க முடியுமா?"

முடியாது, நம் உடம்பு அதற்கு ஏற்றதில்லை என்றேனாம்.

ஏன் கேட்டார் என்று இன்றுதான் தெரிந்தது. அதற்குச் சற்று முன்புதான் அவர் கணவரைப் பிளவக்கல் அணைப் பக்கம் வெள்ளம் கொண்டுபோயிருக்கிறது.

"அவிய நல்லா நீச்சல் தெரிஞ்சவிய சார். அதனால, எங்கூட சண்டை போட்டுட்டு வேணும்னே செத்தாகன்னு ஊரே பேசுச்சு. நீங்க சொன்னத மாமியார்ட்ட போயிச் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"'எம் புள்ளையக் கொன்னுட்டு மீன் கதையா சொல்லுத'ன்னு கதவ அடச்சாக. சாகுற வரைக்கும் எங்கூடப் பேசல."

ஊர் வந்ததும் இறங்கிப் போய்விட்டார்.

அந்த நிகழ்ச்சி பற்றி, "பொதுமக்கள் ஆர்வத்துடன் கேட்டுப் பயனடைந்தனர்" என்று அறிக்கை எழுதியவன் நான்தான். நீங்களும் இப்படி எழுதியிருப்பீர்கள்தானே?