காலி என்று சொன்ன டிஸ்க்

“இந்த டிஸ்க்கில் எதுவும் இல்லை” என்று திரையில் வந்ததை நான் நம்பினேன். பதினைந்து வருடமாகக் கணினி பழுதுபார்த்துப் பிழைப்பவன் அதை நம்பாமல் வேறு எதை நம்புவேன்? ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருந்தது. துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் எங்கள் லோரிக் கம்பெனிக்கு அதுதான் பெரிய திருவிழா. தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளிலிருந்து மாலைகள் வரும். லோரிகளோடு கணினிகளுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. அந்த வருடம் முதலாளிக்குப் புண்ணியம் சேர்க்கும் ஆசை வந்துவிட்டது. “மேசைக்கு அடியில கிடக்கிற பழைய கம்ப்யூட்டரையெல்லாம் கிளீன் பண்ணி ஸ்கூலுக்குக் கொடுத்துருவோம் லா,” என்றார். மொத்தம் நான்கு. நான்காவது, டிஸ்பேட்ச் அண்ணன் மேசைக்கு அடியில் இருந்தது.

எந்த லோரி எந்தக் கொள்கலனை ஏற்றுவது என்று முடிவு செய்பவர் டிஸ்பேட்ச் அண்ணன். முன்பு அவரே லோரி ஓட்டியவர். முதுகுவலி வந்து மேசைக்கு மாறினார். அன்று மேரு ஊர்ப்பக்கம் ஒரு லோரி பழுதாகிப் படுத்துவிட்டது என்று போயிருந்தார். நான் அவருடைய டிஸ்க்கைக் கழற்றி என் கணினியில் மாட்டினேன். காலி என்றது. புதிய சிஸ்டம் ஏற்றி, திரும்ப மாட்டி, பொட்டும் வைத்துவிட்டேன். வேலை சீக்கிரம் முடிந்ததில் எனக்கு ஒரே பெருமை.

சாயங்காலம் வந்தவர் கணினியைப் பார்த்தார். “தம்பி, இதுல இருந்தது எங்கே?” என்றார். “ஒண்ணுமே இல்லையே அண்ணே, காலி டிஸ்க்,” என்று சிரித்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்லச் சொன்னார். கணினியை எழுப்பி, திரையையும் விசைப்பலகையையும் டிஸ்க்கையும் வேலை வாங்குகிற இயங்குதளம் ஒன்றை, முதல் எழுத்திலிருந்து அவரே எழுதியிருக்கிறார். ஆறு வருடமாக, மதியச் சாப்பாட்டு நேரங்களில். கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கும் முறையையும் சொந்தமாகவே உருவாக்கியிருந்தார். மற்ற கணினிகளுக்கு அந்த அடுக்கு புரியாது. அதனால்தான் காலி என்றது.

லோரி ஓட்டியவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றுதான் முதலில் நினைத்தேன் பாருங்கள், அதற்கே என்னை அறையலாம். “வேற காப்பி இருக்கும்தானே அண்ணே?” என்றேன். போன மாதம்வரை பென்டிரைவில் இருந்ததாம். தான் எழுதிய இயங்குதளத்திலேயே உட்கார்ந்து மீதியை எழுத முடிந்த அன்று, அவரே அதை அழித்துவிட்டாராம். “சொந்த வீடு கட்டியாச்சு, இன்னும் வாடகை வீட்டுல எதுக்குச் சாமான்னு நெனச்சேன் தம்பி.”

அடுத்த இரண்டு நாளும் மீட்பு மென்பொருள் ஒன்று விடாமல் ஓட்டிப் பார்த்தேன். உடைந்த துண்டுகள்தான் கிடைத்தன. அவர் அடுக்கிய முறை தெரிந்த மென்பொருள் உலகத்திலேயே ஒன்றுதான். அதுவும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பள்ளியில் ஒப்பித்தவன்தான் நானும். அந்த மேசைக்காரருக்கு ஒரு போன் போட்டு விசாரிக்கத் தோன்றவில்லை.

பூஜையன்று லோரிச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தோம். அண்ணன் என் பக்கம் வந்தார்.

“தம்பி, அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவையாச்சும் அத ஓன் பண்ணிப் பார்த்தியா?”

நான் பார்க்கவில்லை. டிஸ்க்கை நேராகக் கழற்றியவன் நான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. “பார்த்தேன் அண்ணே. நல்லா வந்துச்சு,” என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “நெசமாவா? என்னைத் தவிர யாரும் பார்த்ததில்ல தம்பி. பூஜை முடிஞ்சு உனக்குத்தான் காட்டலாம்னு இருந்தேன். ஓன் பண்ணதும் திரையில வர்ற மொத வரிய படிச்சியா? என்ன போட்டிருந்துச்சு, சொல்லு!”

நான் குனிந்து, ஏற்கெனவே வைத்த எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு, “சரி லா,” என்று சொல்லிவிட்டு, அடுத்த லோரிக்கு எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தார்.

இப்போதும் அவர்தான் லோரிகளை அனுப்புகிறார். என்னிடம் நன்றாகவே பேசுகிறார். மதியத்தில் சாப்பிட்டுவிட்டு மேசையில் தலை வைத்துத் தூங்குகிறார். அந்த முதல் வரி என்ன என்று கேட்க எனக்கு இன்றுவரை துணிவில்லை. கேட்டால், நான் பார்க்கவில்லை என்பது உறுதியாகிவிடும்.