இடது ஓரத்தில் காலி இடம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயத்தால் அல்ல, அலுப்பால். ஏழாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது, அதற்குப் பிறகு எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல ஒரு வருஷம் தங்கியதில்லை, திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளாவில் தார் போடுகிற வேலை, போர் போடும் லாரியோடு மத்தியப் பிரதேசம் வரை போயிருக்கிறேன், படுக்க இடமில்லாமல் சுடுகாட்டுக் கொட்டகையில் வாரக்கணக்கில் படுத்திருக்கிறேன், கொசுவைத் தவிர எதுவும் என்னைத் தொட்டதில்லை. அதனால் இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

போன கார்த்திகையில் நடந்தது. அப்போது நான் நைனார்பாளையத்தில் அலமேலு அக்கா நிலத்தில் இருந்தேன். கரும்பு வெட்ட வந்தவனை, டிராக்டர் ஓட்டுவேன் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். சிறு வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனது, வீட்டுக்காரரும் சீக்கிரம் போய்விட்டார், தண்ணீர் பாய்ச்சுவது முதல் ஆலையில் சண்டை போடுவது வரை ஒற்றை ஆள். இடது காலுக்கு வேலை வைக்காத வண்டி என்பதற்காகவே பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி, நெல் அடிக்கிற களத்தில் தானே சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகியவர். "ஊர்ல எல்லாம் ரெண்டு கால வெச்சிக்கினு பஸ்ஸுக்கு நிக்கிறாங்க, நான் ஒரு கால வெச்சிக்கினு கார்ல போறேன்" என்பார். எத்தனையோ முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை.

அவருடைய மோட்டார் கொட்டகையில் காவலுக்கு இருந்தவர் பொன்னன் அண்ணன். கல்வராயன் மலைக்காரர், எழுபதுக்கு மேல் வயது. மனைவி செத்த பிறகு மலையில் இருக்கப் பிடிக்காமல் கீழே வந்துவிட்டார், மகன் மட்டும் அங்கே இருக்கிறான். வாலிபத்தில் மலைப்பாதையில் ரோடு வேலை செய்தவர். சாயங்காலம் நான் போய் உட்கார்ந்தால் அதே கதைதான். மழைக்காலத்தில் மேடு ஏற முடியாமல் பஸ் நின்றுவிட்டால் இவர்கள் நாலு பேர் பின்னால் போய்த் தோள் கொடுப்பார்களாம். யார் எங்கே நிற்பது என்று கணக்கு உண்டாம். "எடது ஓரம் என்னுது. எவனும் அங்க நிக்க மாட்டான்" என்பார். வண்டி நகர்ந்ததும் ஒருவர் பின்பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவார், கண்டக்டர் தட்டுவது போல. அதுதான் போகலாம் என்பதற்கு அடையாளம். மற்ற மூன்று பேரும் ஒவ்வொருவராகச் செத்துப்போய்விட்டார்கள், கடைசி ஆள் இவர்தான்.

கார்த்திகை மழையில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். வயதாகிவிட்டது, இனி வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது என்றார்கள். அப்போது அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டார்.

"தாயி, வூட்ல கொண்டுபோயி விட்டுடு."

அவர் ஊரில் ஒரு வழக்கம். வெளியில் உயிர் போனவரை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள், ஊர் எல்லையிலேயே வைத்து அப்படியே காரியத்தை முடித்துவிடுவார்கள். அவருக்குத் தன் மனைவி படுத்த இடத்தில் படுத்துப் போக வேண்டும், வேறொன்றும் இல்லை. ஆனால் போகிற நிலையில் இருக்கிறவரை மலைக்கு ஏற்ற எந்த வாடகை வண்டிக்காரனும் ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா இரண்டு பேரிடம் கேட்டார், மூன்றாவது ஆளிடம் கேட்கவில்லை.

"நம்ம வண்டி இருக்குது இல்ல. நீ ஓட்டு, நான் பின்னால அண்ணன மடியில போட்டுக்கினு வரேன்."

"ஆட்டோமேட்டிக் நான் தொட்டதில்லக்கா."

"லாரி ஓட்டினவன் தான நீ? இதுல ஒரு கால் வேல கம்மி, அவ்ளோதான்."

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது மணி நாலு. தூறலும் மேகமுமாக, எதிரே வருகிற வண்டியின் விளக்கு கிட்டே வந்தால்தான் தெரிந்தது. அதுவும் கொஞ்ச நேரத்தில் நின்றுபோய், பாதையில் நாங்கள் மட்டும். வண்டி அருமையாக ஏறியது, கியர் மாற்ற வேண்டிய தொல்லையே இல்லை. பாதி மலையில் ஒரு திருப்பம், செங்குத்தான மேடு. அங்கே அண்ணன் தண்ணீர் கேட்டார். நான் நிறுத்தினேன்.

லாரிக்காரன் மேட்டில் எப்படி நிறுத்துவான்? கியரில் போட்டு அப்படியே விடுவான், டயருக்கு ஒரு கல் வைப்பான். நானும் கை பழக்கத்தில் கியர் லீவரை, வண்டியை நிறுத்தி வைக்கிற P-யில் தள்ளினேன், ஹேண்ட் பிரேக் ஞாபகமே வரவில்லை, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி அரை சாண் பின்னால் சாய்ந்து டக்கென்று உட்கார்ந்தது. அக்கா தண்ணீர் கொடுத்தார், ஒரு மடக்கு இறங்கியது, மீதி கழுத்தில் வழிந்தது. போகலாம் என்று பிரேக்கை மிதித்து லீவரை இழுத்தால் அது வரவில்லை. பட்டனை அழுத்தி இழுத்தேன், இரண்டு கையாலும் இழுத்தேன், சிமெண்ட் போட்டு வைத்த மாதிரி நின்றது.

அக்கா கள்ளக்குறிச்சியில் தனக்குத் தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அந்த மூலையில் சிக்னல் ஒரு கோடுதான், ஆனாலும் கிடைத்தது, ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹேண்ட் பிரேக் போட்டீங்களா?" என்றார் அவர்.

"இல்ல" என்றேன்.

"அப்பறம் இன்னா பண்ணும்? உள்ள ஒரு பல்லு கீது, மொத்த பாரமும் அது மேல ஏறி நிக்குது. மேட்டுப் பக்கமா கொஞ்சம் தள்ளுனா பாரம் எறங்கிடும், லீவர் தானா வரும். இழுத்து ஒடச்சிடாதீங்க. நாலு ஆளு..." அதோடு லைன் அறுந்தது. பிறகு கிடைக்கவேயில்லை.

நாலு ஆள் எங்கே? நான் ஒருவன், கால் சரியில்லாத அக்கா ஒருவர், பின்சீட்டில் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறவர் ஒருவர். அக்கா தன் துண்டை மடித்து அண்ணன் தலைக்கு வைத்துவிட்டு இறங்கினார். புடவையைச் செருகிக்கொண்டு, நல்ல காலை மண்ணில் ஊன்றி, காருக்குப் பின்னால் தோளைக் கொடுத்தார். நான் உள்ளே லீவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நகரவில்லை. பிறகு அவர் உள்ளே போய் லீவரைப் பிடிக்க நான் தள்ளினேன். செருப்பு வழுக்கி முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். கல் வைத்துத் தள்ளிப் பார்த்தோம், சாய்ந்து தள்ளிப் பார்த்தோம், மழையில் நனைந்தபடி அக்கா மறுபடி மறுபடி தோளைக் கொடுத்தார், ஊன்றிய வலது கால் சேற்றில் சறுக்கிக்கொண்டே இருந்தது.

"போதும்க்கா, நீங்க வுழுந்துடப் போறீங்க."

"வாக்கு குடுத்துட்டு நடு ரோட்ல வுட்டுட சொல்றியா? தள்ளு."

அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது, தொண்டையில் கரகரவென்று. அக்கா ஓட முடியாத காலோடு ஓடிப் போய் அண்ணன் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். நானும் டிரைவர் சீட்டில் வந்து உட்கார்ந்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். இரண்டு நாளாக இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், கண்ணைத் திறக்காமல், பக்கத்தில் நிற்கிறவர்களிடம் சொல்கிற மாதிரி தெளிவாகச் சொன்னார்.

"இருங்கடா. வூட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்."

அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். அடுத்து அண்ணன் என்னிடம் சொன்னார்: "தம்பி, இப்ப எடு."

பிரேக்கில் காலை வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதுகில் சீட் அழுந்தியது, வண்டி மேட்டைப் பார்த்து ஒரு சாண் ஏறியது. லீவர் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி வந்தது. அந்த வண்டியில் P-யிலிருந்து, முன்னால் ஓட்டுகிற D-க்குப் போகும் வழியில் ரிவர்ஸைத் தாண்டித்தான் போக வேண்டும், ரிவர்ஸில் விழுந்தால் முன்னால் இருக்கிற ஸ்கிரீனில் பின்பக்கக் கேமராவின் படம் தெரியும். ஒரு மூச்சு நேரம் தெரிந்தது. பிரேக் விளக்கில் மேகம் முழுக்கச் சிவப்பாக இருந்தது, அதில் துண்டு கட்டிய மூன்று தலைகள் குனிந்து வண்டியை ஒட்டி நின்றன. வலது ஓரத்தில் ஒருவர், அவரை ஒட்டி இருவர். இடது ஓரத்தில் மட்டும் ஒரு ஆள் நிற்கிற அளவு காலி இடம். அது அவர்கள் கொஞ்சம் பரவி நின்றிருந்தால் அடைந்துபோகிற இடம்தான், ஆனாலும் விட்டுத்தான் நின்றார்கள்.

லீவர் D-யில் விழுந்தது, ஸ்கிரீன் அணைந்தது. பின்னால் வலது பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தேன். மேலே போய்ச் சேரும் வரை அண்ணனுடைய மூச்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு போனோம். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் அவருடைய ஊர். மகன் ஓடி வந்து தூக்கிக்கொண்டு போய் அவர் கேட்ட இடத்தில் படுக்க வைத்தான். அக்கா விடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் வரும் நேரத்தில் அண்ணன் போனார், வீட்டுக்குள்ளே, எல்லோரும் சுற்றி இருக்க. இவ்வளவு நிம்மதியான முகத்தோடு செத்தவரை நான் பார்த்ததில்லை, செத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கீழே வந்ததும் மெக்கானிக் வண்டியைப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை. "யாரு தள்ளுனாங்க?" என்றார்.

"யாரும் தள்ளலப்பா" என்றார் அக்கா.

"தள்ளாம வராதுக்கா. யாரோ தள்ளிகிறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

பின்சீட்டில் இருந்ததால் அக்கா ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. ஆனால் தட்டு அவருக்கும் கேட்டிருக்கிறது. ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டார், "எத்தினி பேரு?" என்று. மூன்று என்றேன். தலையை ஆட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அண்ணனுடைய காரியத்துக்கு மறுபடி மலைக்குப் போனோம். இந்த முறை அக்காதான் ஓட்டினார், நான் பக்கத்தில். நல்ல வெயில், மேகமே இல்லை. அந்தத் திருப்பத்தில் அவராகவே நிறுத்தினார். முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு P. "இப்பிடித்தான் நிறுத்தணும், பாத்துக்க" என்றார். இறங்கி ஒரு கொத்து வெற்றிலையும் பாக்கும் ரோட்டோரம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். லீவரை இழுத்தார், உடனே வந்தது. ரிவர்ஸைத் தாண்டும்போது நான் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் ரோடு. வெயில். எங்களுக்குப் பின்னால் ஒரு ஆடுகூட இல்லை.

வண்டி நகர்ந்தது. பின்னால் தகரத்தில் இரண்டு தட்டு.

அக்கா கண்ணாடியைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே, "வரோம்ண்ணே" என்றார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நான் நைனார்பாளையத்திலும் தங்கவில்லை, இப்போது வேறு ஊர், வேறு வேலை. எந்த பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் கண்டக்டர் தகரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் தட்டுகிறார் என்று என் கண் தானாகப் போய்ப் பார்க்கிறது. ஏனென்றால் வெயிலில் கேட்ட அந்தத் தட்டு வலது பக்கத்தில் இல்லை. இடது ஓரத்தில் கேட்டது.