பதினாறு காட்டிய பெட்டி

சுந்தராம்பாள் பிரஸ் மெஷின் பக்கத்தில் போய் நின்றதும், அதுவரை சத்தமாகக் கதை பேசிக்கொண்டிருந்த ஆபரேட்டர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். இடது கையில் அட்டை. அட்டையின் மூலையில் கிளிப் போட்டு மாட்டிய ஸ்டாப்வாட்ச். காதுக்கு மேல் பென்சில். தகட்டை எடுத்து, அச்சில் வைத்து, பெடலை மிதித்து, துண்டை வெளியே தள்ள எத்தனை விநாடி ஆகிறது என்று ஒரு முறையல்ல, இருபது முறை பார்த்து எழுதுகிறார். "மேடம், கொஞ்சம் பாத்து போடுங்க மேடம்" என்று ஆபரேட்டர் இளித்தால், "நான் பாத்து போட்டா கடியாரம் மெதுவா ஓடுமா? நீ எப்பவும் போல செய்யி" என்கிறார்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி சுங்குவார்சத்திரம் போகிற ரோட்டில், பம்புக்கு உதிரி உறுப்பு செய்யும் கம்பெனியில் பதினோரு வருடமாக இதுதான் உத்தியோகம். டைம் ஸ்டடி கிளார்க் என்று பெயர். இவர் எழுதிக் கொடுக்கும் விநாடியை வைத்துத்தான் ஒரு ஷிப்டுக்கு எத்தனை உருப்படி என்று மேலே முடிவு செய்வார்கள். அதனால் பாதி ஃபாக்டரிக்கு இவரைக் கண்டால் ஆகாது. அவர்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. வியர்வை துடைக்க, தண்ணீர் குடிக்க, இடுப்பை நிமிர்த்த என்று ஒவ்வொரு வேலைக்கும் சில விநாடிகளைத் தனியாகச் சேர்த்து எழுதுகிறவர் இவர்தான். மேனேஜர் அதை அடிக்கப் பேனாவை எடுப்பார். "மனுசனுக்கு வேர்க்கறது பொய்யா சார்? நான் பாத்தேன், எழுதனேன். அடிக்கறதுன்னா பக்கத்துல கையெழுத்து போடுங்க" என்பார் சுந்தராம்பாள். மேனேஜர் பேனாவை மூடிவிடுவார்.

இப்படிப்பட்டவரை ஒருவர் ஏமாற்றினார் என்றால் நம்ப முடிகிறதா? ஏமாற்றினார். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

வயது முப்பத்தாறு. வீடு மணிமங்கலத்தில். கணவர் அண்ணாதுரை அரிசி மில்லில் மெக்கானிக். போன வருடம் கம்பெனிக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது, பழையதை இனி உதவாது என்று கண்டம் செய்து ஊழியர்களுக்குள்ளேயே ஏலம் விட்டார்கள். மற்றவர்கள் இரும்பு பீரோவுக்கும் நாற்காலிக்கும் அடித்துக்கொள்ள, சுந்தராம்பாள் அந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டு எடுத்து வந்தார். கூடவே ஒரு ஃப்ளாப்பியும் வந்தது. அதில் ஏரோப்ளேன் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று.

ஒரு பள்ளத்தாக்கு, ஒரு ஆறு, நாலு மலை, கடைசியில் ஓடுதளம். ஏறுவதில் கஷ்டமில்லை. இறங்குவதில்தான் சனியன். விமானத்தை ஓடுதளத்துப் பக்கம் திருப்பினால் மெஷின் மொத்தக் காட்சியையும் புதிதாக வரைய வேண்டும். மலையில் ஒரு கோடு, ஆற்றில் ஒரு கோடு என்று அது வரைந்து முடிப்பதற்குப் பன்னிரண்டு விநாடி. அதற்குள் விமானம் ஆற்றுக்குள் போயிருக்கும். பத்து மாதத்தில் ஒரு தடவைகூட இறக்க முடியவில்லை.

"இன்னா, இன்னிக்கு எத்தினி பேரக் கொன்ன?" என்று அண்ணாதுரை சாப்பாட்டுத் தட்டோடு வந்து எட்டிப் பார்ப்பார்.

"நான் எங்க கொன்னேன்? மெஷினு கொன்னுச்சு. என் கை சரியாத்தான் கீது."

இந்தப் பேச்சில் விளையாட்டு பாதிதான். நாளெல்லாம் அடுத்தவர் கைவேகத்தை அளக்கிற பெண்ணுக்குத் தன் கை எப்படி என்று ஒரு முறை பார்த்துவிட ஆசை இருக்கக் கூடாதா? ஒரே ஒரு முறை, மெஷின் குறுக்கே நிற்காமல், அந்த விமானத்தை இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அதற்கும் முறையாகத்தான் இறங்கினார். சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸின் புதுக் கம்ப்யூட்டரில் அதே ஃப்ளாப்பியைப் போட்டு அளந்தார். மூன்று விநாடி. ஆகவே குற்றம் விளையாட்டில் இல்லை, உள்ளே இருக்கும் போர்டில். கலர் திரை வேண்டாம், கருப்பு வெள்ளையே போதும். ஹார்ட் டிஸ்க் பழையதே இருக்கட்டும். பதினாறு மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் போர்டு ஒன்று, அதை வைக்க ஒரு பெட்டி. பழைய போர்டைக் கொடுத்துக் கழித்துக்கொண்டால் தீபாவளி போனஸுக்குள் அடங்கிவிடும் என்று திட்டம். ஜூலையில் ரூபாயின் மதிப்பு இறங்கி வெளிநாட்டுச் சாமான்கள் எல்லாம் ஏறிவிட்டன. சீட்டைத் தள்ளி எடுத்துத் துண்டு விழுந்ததைச் சரிக்கட்டினார்.

சென்னையில் ரிச்சி தெருவில், மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை. கடைக்காரர் பெயர் புருஷோத்தமன்.

"பையனுக்காம்மா?"

"எனக்கு."

"டைப்பிங் கத்துக்கப் போறீங்களா?"

"ஏரோப்ளேன் ஓட்டறதுக்கு."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். புருஷோத்தமனும் சிரித்தார். "எந்த ஊரு?" என்றார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்றதும், மே மாதம் அங்கே குண்டு வெடித்ததிலிருந்து எல்லோரும் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார். "அந்த எடத்தப் போயிப் பாத்தீங்களா?"

"நான் போர்டு பாக்க வந்தேன் சார்."

பழைய மெஷினைக் கொடுத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை போய்ப் புதுப் பெட்டியை வாங்கினார். முகப்பில் கறுப்புக் கண்ணாடி. ஸ்விட்சைப் போட்டதும் அதற்குள் சிவப்பாக எரிந்தது 16. பின்பக்கம் திருகாணியின் மேல், கிழித்தால் உத்தரவாதம் இல்லை என்று ஒரு சீல்.

இங்கேதான் சுந்தராம்பாள் தவறினார். கையில் விநாடி முள்ளோடு கடிகாரம் கட்டியிருந்தும் அதைப் பார்க்கவில்லை. சிவப்பு எண்ணைப் பார்த்தார், நம்பினார், வந்துவிட்டார். ஒரு இடத்தில் எண் போட்டிருந்தால் அதை யாரோ நின்று அளந்திருப்பார்கள் என்று நினைப்பது டைம் ஸ்டடிக்காரர்களுக்கே உள்ள வியாதி. வேறு யாராவதாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

ஒரு வாரம் வேகமாக ஓடுவது போலவே இருந்தது. அண்ணாதுரைகூட, "ஸ்பீடாத்தான் கீது" என்றார். ஆனால் விமானம் மட்டும் பழையபடி ஆற்றிலேயே விழுந்துகொண்டிருந்தது. எட்டாம் நாள் ஃபாக்டரியில் கேட் பாஸ் எழுதி வாங்கி ஸ்டாப்வாட்சை வீட்டுக்குக் கொண்டு வந்தார் சுந்தராம்பாள். பன்னிரண்டு. பன்னிரண்டு. மறுபடியும் பன்னிரண்டு. இருபது முறை அளந்தார். இருபதும் ஒரே கதை.

அண்ணாதுரை திருப்புளியை எடுத்து வந்தார். சுந்தராம்பாள் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"சீலத் தொட்ட, அவ்ளோதான். நீயே ஒடச்சி உள்ள மாத்திட்டேன்னு சொல்லுவான்."

திறந்தால்தான் திருட்டு தெரியும். திறந்தால் திருட்டுப் பட்டம் நமக்கு. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். ஒரு சின்னக் காகிதத்தை ஒட்டி வைத்து, ஏமாந்தவளையே அதற்குக் காவலும் வைத்துவிட்டார் அந்த மனிதர். பணம் போனதுகூடப் பெரிதில்லை. அளக்கத் தெரிந்தவளிடமே அளக்காத எண்ணை விற்றிருக்கிறான்!

சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். பூந்தமல்லிக்கு முன்னால் போலீஸ் சோதனை. மே மாதத்துக்குப் பிறகு அந்த ரோட்டில் தூக்குவாளியைக்கூடத் திறந்து பார்க்கிறார்கள். பெட்டியும் பின்னால் தொங்கும் ஒயரும் கான்ஸ்டபிளின் கண்ணில் பட்டன.

"இன்னா இது? தொற."

"கம்ப்யூட்டர் சார். தொறக்க முடியாது, சீல் போட்டுக்கீது."

"தொறன்னா தொறக்கணும்."

"நீங்க ஒடைங்க சார். ஒடச்சிட்டு, நான்தான் ஒடச்சேன்னு பேரு, நம்பரு, தேதி போட்டு எழுதிக் குடுங்க. நான் பேப்பர் வெச்சிருக்கேன்."

பஸ்ஸில் உள்ளவர்கள் எல்லாம் திட்டினார்கள். "ஏம்மா, உன்னால எங்களுக்கு லேட்டு" என்றார் ஒருவர். சுந்தராம்பாள் காகிதத்தையும் பென்சிலையும் நீட்டியபடியே நின்றார். கான்ஸ்டபிள் அவரைப் பார்த்தார், சீலைப் பார்த்தார், கடைசியில் டார்ச்சை அடித்து விசிறி ஓட்டை வழியே உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "போ, போ" என்றார்.

கடையில் புருஷோத்தமன் பெட்டியை ஆன் செய்தார். "நம்பர் பாருங்க மேடம். பதினாறு காட்டுதா, இல்லியா?"

"காட்டறது பதினாறு. ஓடறது எவ்ளோன்னு கேக்கறேன்."

"அது ஒங்க கேம்ஸு அப்டி. பழைய ஃப்ளாப்பி."

சுந்தராம்பாள் ஸ்டாப்வாட்சை எடுத்து, பக்கத்தில் நின்ற ஒரு வாடிக்கையாளரிடம் கொடுத்தார். "நீங்க அமுக்குங்க சார். நான் அமுக்கினா நான் ஏமாத்தறேன்னுவாரு." தன் பெட்டியில் பன்னிரண்டு விநாடி. அலமாரியில் இருந்த இன்னொரு பெட்டியில் அதே ஃப்ளாப்பி, மூன்று. முகப்பில் இரண்டுமே பதினாறுதான்.

"சரி சார். இப்ப சீல நீங்களே ஒடைங்க. உங்க கையால."

"டெக்னீஷியன் வரலம்மா. திங்கக்கெழம வாங்க."

"வரட்டும். நான் ஒக்காந்துக்கினு இருக்கேன்." ஸ்டூலை இழுத்துக் கடை வாசலுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் அவரைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் என்ன விஷயம் என்று கேட்டார்கள். சுந்தராம்பாள் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார். ஐந்தாவது ஆளுக்குச் சொல்லும்போது புருஷோத்தமன் திருப்புளியோடு வந்தார்.

உள்ளே போர்டின் ஓரத்தில் மஞ்சள் பெயிண்டில் எஸ்.117 என்று எழுதியிருந்தது. கம்பெனி ஸ்டோரில் குப்பைக்கூடையிலிருந்து எல்லாவற்றுக்கும் இப்படித்தான் எண் போடுவார்கள். சுந்தராம்பாள் பையிலிருந்து ஏலச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதிலும் எஸ்.117. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் முகம் எப்படியிருக்கும் என்று அன்றைக்கு ரிச்சி தெருவில் ஏழெட்டுப் பேர் பார்த்தார்கள்.

"ஐயோ, எப்டியோ மாறிப்போச்சும்மா. டெக்னீஷியன் தப்பு."

"ஒண்ணும் மாறல. என்னுதயே தொடச்சி எனக்கே வித்துட்டீங்க."

வாக்குவாதம் வளரவில்லை. பார்த்தவர்கள் அத்தனை பேர். புருஷோத்தமன் பழைய போர்டைக் கழற்றினார். வேறொரு போர்டை எடுக்க உள்ளே போகும்போது மின்சாரம் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போனார். சுந்தராம்பாள் பெட்டியைப் பார்த்தார். உள்ளே போர்டே இல்லை. முகப்பில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது 16.

"சார், உள்ள ஒண்ணுமே இல்லியே. இது இன்னாத்த அளக்குது?"

"அதுவா? அது சும்மா ஷோவுக்கும்மா." சண்டை முடிந்த நிம்மதியில் அவர் உண்மையைச் சொன்னார். "பின்னால ரெண்டு பின்னு மாத்திக் குத்தினா எந்த நம்பர வேணா காட்டும். எல்லாக் கடையிலயும் இதான். ஜனங்க நம்பரத்தானே பாக்கறாங்க?"

புதுப் போர்டு ஏறியது. சுந்தராம்பாள் அளந்தார். மூன்று. திரும்ப அளந்தார். மூன்று. ஆறாவது தடவை, ஸ்டாப்வாட்சை வாங்கியிருந்த அந்த வாடிக்கையாளர் கத்தினார். "மேடம், எறங்கிடுச்சு! பிளேன் எறங்கிடுச்சு!"

ஆமாம், இறங்கிவிட்டது. ஓடுதளத்தின் நடுவில் விமானம் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. பத்து மாதம் காத்திருந்த காட்சி. சுந்தராம்பாள் திரையை ஒரு பார்வை பார்த்தார். சந்தோஷம் வரவில்லை. அந்த மனிதர் அதையும் சேர்த்தல்லவா திருடியிருக்கிறார்! பென்சிலால் '3' என்று ஆறாவது முறையாக எழுதி, அட்டையை மூடினார்.

"ஒங்க வேல முடிஞ்சிதில்லம்மா? கெளம்புங்க, யாவார நேரம்" என்றார் புருஷோத்தமன்.

பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனார். எதிரே ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வந்தார்கள். வெயிலில் நடந்து வந்த களைப்பு. மனைவியின் கையில் மடித்துப் பிடித்த மஞ்சள் பை. கணவர் அலமாரியை அண்ணாந்து பார்த்து, சிவப்பாக எரிகிற எண்களில் பெரியதைக் காட்டிக் கேட்டார்.

"அந்த இருவத்தஞ்சு போட்டது எவ்ளோங்க?"

சுந்தராம்பாள் நின்றார். பெட்டியைத் தரையில் இறக்கி வைத்தார். "யம்மா, யம்மா, இன்னா பண்றீங்க?" என்று புருஷோத்தமன் எழுந்து வருவதற்குள் அலமாரியிடம் போய், மேல்தட்டிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு பெட்டியாக முகப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.