அரசி பேசிய ஒரு வரி

அந்தக் கல்வெட்டு நான்கே வரிதான். இறந்துபோன மகனுக்காக ஓர் அரசி கோயிலில் விளக்கு எரிக்க ஆடுகள் கொடுத்தாள். அவற்றின் நெய்யை இன்னார் அளக்க வேண்டும். அவ்வளவே. அவள் அழுதாளா, யாரிடமாவது எதையாவது சொன்னாளா என்பது கல்லில் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் நான் எழுதிய சரித்திரத் தொடர் அவளைப் பற்றியது.

பகலில் கல்லூரியில் வரலாறு கற்பித்தேன். மாலையில் பஸ் பிடித்து அடையாற்றுக்குப் போய், ஒரு நூலகத்தில் மூடும்வரை கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டுவேன். விடுமுறை என்றால் லஸ் முனையில் பழைய புத்தகக் கடை. எனக்கு நண்பர்கள் இல்லை, தேடிக்கொள்ளவும் இல்லை. பேச்சு என்று இருந்தது மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த மாடியில், மனைவியோடு மட்டும்தான்.

"உங்க ராஜா இன்னைக்காவது ஆத்தைத் தாண்டினாரா? போன வாரமும் கரையிலேயே நின்னாரு. குதிரைக்குக் கால் வலிக்காதா?" என்று தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்பாள். ஒவ்வோர் அத்தியாயத்தையும் முதலில் படிப்பவள் அவள். அவள் சிரித்த இடத்தை அப்படியே வைப்பேன். கொட்டாவி விட்ட இடத்தை அடிப்பேன்.

அந்த மாடிக்கு வருவதற்குச் சற்று முன்புதான் எங்கள் பெண் குழந்தை பிறந்து, மாதம் முடியுமுன் இறந்திருந்தது. பிரசவம் அவள் அம்மா வீட்டில், தெற்கே. மாம்பலத்தில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம் என்றாள் அவள். குடிவந்த புதிதில் ஒரு சாயங்காலம் அடையாறு கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். புடவைத் தலைப்பை மார்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி சொன்னாள்: "இன்னும் பால் வருதுங்க. யாருக்குன்னு தெரியாமலே வருது."

 அதை நான் மறக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துத் தொடரில் அரசியின் மகன் இறக்கும் அத்தியாயம் வந்தது. எதை எழுதினாலும் நாடக வசனமாகவே இருந்தது. கெடு நெருங்கியது, ஓவியர் படம் வரைந்து அனுப்பிவிட்டார், எழுத்துத்தான் பாக்கி. அன்று காலை, "பால் சுரக்கிறது தோழி. யாருக்கென்று அறியாமலே சுரக்கிறது" என்று எழுதினேன். மற்றதெல்லாம் தானாக வந்தது. அந்த ஒரு வாரம் மட்டும் மனைவியிடம் காட்டாமல், கல்லூரிக்குப் போகும் வழியில் பத்திரிகை அலுவலகத்தில் கொடுத்தேன். செய்வது என்னவென்று அப்போதே எனக்குத் தெரியும்.

இதழ் வந்த அன்று அவள் கீழே அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கார மாமியின் குரல் மாடிக்குக் கேட்டது.

"உங்காத்துக்காரர் என்னமா எழுதியிருக்கார்! அந்தப் பால் வசனத்தைப் படிச்சுட்டு நான் அழுதுண்டே சமைச்சேன், போ. ஆம்பளைக்கு இதெல்லாம் எப்படிடி தெரியும்?"

பம்பு நின்றது. பிறகு மறுபடி அடிக்கும் சத்தம்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் மேசை அருகே வந்து நின்றாள். கோபம் இல்லை. "அதை உங்ககிட்ட மட்டும்தாங்க சொன்னேன்" என்றாள்.

"ராணி சொன்னதாத்தானே போட்டிருக்கேன்? உன் பேரையா போட்டேன்?" என்று கேட்டேன். மன்னிப்பு என்ற சொல்லைத் தவிர எல்லாச் சொல்லும் அன்று என்னிடம் இருந்தது.

குடத்தை மறுபடி தூக்கிக்கொண்டு, "புத்தகமா வர்றப்போ அதை எடுத்துடுங்க" என்றாள். சரி என்றேன். அவள் என்னிடம் ஏதாவது கேட்டது அபூர்வம்.

மறுவருடம் தியாகராய நகரில் பதிப்பாளர் முன் உட்கார்ந்து, அச்சுப்படியில் அந்த வரியை அடித்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், கண்ணு சார் அது! அதைப் பிடுங்கிட்டு புஸ்தகத்தை யார் தலையில கட்டறது?" அடித்த வரிக்குப் பக்கத்தில், 'இருக்கட்டும்' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் வற்புறுத்தினார் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. அந்த வரி போனால் புத்தகத்தில் உயிர் இராது என்று எனக்கும் தெரிந்திருந்தது.

புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன். அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள், பார்த்தாள், அலமாரியில் வைத்தாள். "சாப்பிட வாங்க" என்றாள்.

அதன் பிறகும் எல்லாம் நடந்தது. காபி வந்தது, சட்டை தேய்த்து வைக்கப்பட்டிருந்தது. கூப்பிட்டால் கடற்கரைக்கும் வந்தாள். விலைவாசி பேசினாள், மழை வருமா என்றாள். ராஜா ஆற்றைத் தாண்டினாரா என்று மட்டும் கேட்கவில்லை. அத்தியாயத்தை நீட்டினால், "அடுப்புல வேலை இருக்கு" என்பாள்.

பிறகு நான் இன்னும் மூன்று சரித்திர நாவல்கள் எழுதினேன். அவற்றில் அரசிகள் சாளரத்தருகே நிற்பார்கள், விளக்கேற்றுவார்கள், ஒன்றும் பேசமாட்டார்கள். அந்த மௌனத்தை ஒரு விமர்சகர் பாராட்டி எழுதியிருந்தார். அவள் காலமான பிறகுதான் அந்தக் கட்டுரையை மறுபடி படித்தேன். அது கலை அல்ல. அவர்கள் என்ன பேசுவார்கள் என்று எனக்குச் சொல்ல வீட்டில் ஒருத்தி இருந்தாள். அவள் சொல்வதை நிறுத்திவிட்டிருந்தாள்.